தலைக்கு மேல் தூக்கிய கை

எய்யா செல்வம்,

ராத்திரி இவ்வளவு நேரம் கழித்து உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக வந்தால் அதற்கு வேறு அர்த்தம் எதுவும் தேடாதே. தூக்கம்தான் காரணம். காலையில் எழுதலாமே என்று கேட்பாய். முடியாது. இந்தக் கடிதம் காலை முதல் தபாலில் போயாக வேண்டும். மாதுங்கா ஸ்டேஷன் பெட்டியில் தானே போட்டுவிடுவதாக அப்பா சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார். உன் தங்கை எப்போதோ தூங்கிவிட்டாள்.

முதலில் ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று மத்தியானம் உன் ஷெட் வாசலுக்கு எதிரே, அந்த இட்லிக் கடைத் தட்டி ஓரமாக, பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றாள். நீ திரும்பிப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஒதுங்கினாள். அது நான். வேறு யாரும் இல்லை. யாரும் என்னை அனுப்பவில்லை. நீ என்னைப் பார்த்திருந்தால், பார்த்தது நிஜம். உன் கண் உன்னை ஏமாற்றவில்லை. நான்தான் ஏமாற்றினேன். நீ எழுதிக் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் தேடித்தான் வந்தேன். பதில் கிடைத்தது, நல்ல பதில். அதனால் பயப்படாமல் மேலே படி. நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் நீ நம்புவாய் என்பதால் கொஞ்சம் சுற்றி வருவேன். உன் அம்மாவுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும்.

நீ கடைசியாக எழுதியதை நான் பாராமலே ஒப்பிப்பேன். “ஷெட்ல என்னப் பாத்ததும் தலைக்கு மேல கையத் தூக்கி என்னமோ காட்டுதாங்க. காட்டிட்டுச் சிரிக்காங்க. தறிச் சத்தத்துல என்ன சொல்லுதாங்கன்னு கேக்கல. இது நெசமா, நோயான்னு எனக்குப் பிடிபடல. நீ பக்கத்துல இருந்தா கேட்டிருப்பேன். நெசம்னா நான் வேலைய விட்டுட்டு வந்துருவேன்.” இவ்வளவுதான். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் பதில் போடவில்லை. எப்படிப் போடுவேன்? தாராவியில் உட்கார்ந்துகொண்டு அம்பர்நாத்தில் யார் கையைத் தூக்கினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கார்டு எடுத்து, “அதெல்லாம் ஒன்றுமில்லை, உனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது, வேலையைப் பார்” என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கிழித்தேன். அப்படி எழுதியிருந்தால் நீ வேலையில் இருந்திருப்பாய். ஆனால் அது எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொல்வது. அந்தப் பழக்கத்தை நான் விட்டு வெகுகாலம் ஆகிறது. விட வைத்தவன் நீதான்.

உனக்கும் எனக்கும் பதினெட்டு வயதுதான் வித்தியாசம். பாளையங்கோட்டைக் காலேஜில் இண்டர் முதல் வருஷம் முடித்த கையோடு கல்யாணம் ஆகி, பம்பாய்க்கு வண்டியேறி, அடுத்த வருஷம் நீ. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனால் “தம்பியைத் தூக்கிட்டு வாரியா பிள்ள” என்று கேட்பார்கள். எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது, புத்தகம் படிக்கத் தெரியும். அதனால் உன் விஷயத்தில் எதைச் செய்தாலும் புத்தகத்தைப் பார்த்தோ அடுத்த வீட்டைப் பார்த்தோதான் செய்தேன். உன் நோய் வந்தபோதும் அப்படித்தான்.

அது எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. ஏன் தெரியுமா? அது சண்டைக் காலம். விமானம் வந்து குண்டு போடும் என்று சொல்லி, ஊர் முழுக்க ஜன்னலில் கறுப்புத்தாள் ஒட்டச் சொன்ன நாட்கள். நம் அறையின் ஒரே ஜன்னலுக்கு நீதான் ஒட்டினாய். பிறகு கதவு இடுக்குக்கு ஒட்டினாய். பிறகு பக்கத்து அறைக்கும் நமக்கும் நடுவே இருக்கிற பலகைச் சுவரின் சந்துகளுக்கெல்லாம் ஒட்டினாய். பொறுப்பான பிள்ளை என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. பக்கத்து அறைச் சொர்ணத்தக்கா தன் ஜன்னலுக்கும் ஒட்டித் தரச் சொல்லி உன்னைக் கூப்பிட்டுப் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சண்டை முடிந்தது. எல்லோரும் தாளைக் கிழித்தார்கள். நீ கிழிக்கவில்லை. கிழிக்கப் போன அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவங்க இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க” என்றாய். யாரென்று கேட்டதற்கு சி.ஐ.டி. என்றாய். அப்பா சிரித்தார். நீ சிரிக்கவில்லை என்பதை நான்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். குளிப்பது நின்றது. காலேஜ் நின்றது. பகலெல்லாம் படுக்கை, ராத்திரியெல்லாம் நடை. உன் சிநேகிதன் வாசலில் நின்று கூப்பிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். அதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது உன் முகம். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி. யாரோ பேசுவதற்குப் பதில் சொல்வதுபோல உன் உதடு அசையும். அப்பா சோம்பல் என்றார். சொர்ணத்தக்கா காதல் தோல்வி என்றாள். இன்னொருத்தி செய்வினை என்றாள், படிப்பு மிஞ்சிப்போய் மண்டையில் ஏறிவிட்டது என்றாள் வேறொருத்தி. மந்திரித்த கயிறும் கட்டினோம். நீ பல்லால் கடித்து அறுத்தாய். கடைசியில் ஒருநாள் நீ கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ராத்திரி முழுவதும் திறக்கவில்லை. மறுநாள் அப்பாவே, “வா பிள்ள, பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம்” என்றார்.

டாக்டர் நோயின் பெயரை இங்கிலீஷில் சொன்னார், ஸ்கிட்ஸோஃப்ரீனியா என்று. காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். நன்றாக இருந்த பிள்ளைகளுக்குத்தான், இந்த வயதில்தான், பெரும்பாலும் தொடங்கும் என்றார். இல்லாத குரல் கேட்கும், யாரோ தொடர்வதாகத் தோன்றும், அதைவிட மெதுவாக ஆசைகள் ஒவ்வொன்றாக வற்றிப்போகும் என்றார். சிலர் ஒருமுறை விழுந்து எழுந்துவிடுவார்கள், சிலருக்கு வந்து வந்து போகும், சிலர் அப்படியே மெல்லத்தான் நடப்பார்கள், உங்கள் பிள்ளை எந்த வகை என்று இப்போது நான் சொன்னால் அது பொய் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதரை எனக்கு அன்றே பிடித்துப்போயிற்று. ஆனால் நான் காலேஜ் படித்தவள் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? காகிதத்தை எடுத்துக்கொண்டு லைப்ரரிக்குப் போனேன். அங்கே ஓர் இங்கிலீஷ் புத்தகத்தில் இந்த நோய் தாயால்தான் வருகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. அன்பில்லாத தாய், அல்லது அளவுக்கு மீறிப் பிடித்து வைத்திருக்கிற தாய். இரண்டில் எது நான் என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் நான்தான் என்று தோன்றியது. மாதுங்காப் பூங்காவில் போய் பெஞ்சில் உட்கார்ந்தவள் விளக்கு வைக்கிற நேரம்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் கேட்டேவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, வேறு பிள்ளைகள் உண்டா என்றார். ஒரு பெண் என்றேன். “அவளையும் நீங்கள்தானே வளர்த்தீர்கள்? அவள் எப்படி இருக்கிறாள்?” என்றார். “அவள் வாயை மூட முடியவில்லை டாக்டர்” என்றேன். “அப்புறம் என்ன?” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த வைத்தியம். அது போதுமாக இருந்தது. இதை உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், உன்னால் நாங்கள் கெட்டோம் என்று நீ அடிக்கடி சொல்வாய். நீயும் காரணம் இல்லை, நானும் காரணம் இல்லை. காய்ச்சலுக்கு யார் காரணம்?

மாத்திரைதான் பெரிய பாடாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த வரைக்கும் விழுங்கினாய், வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறக்க மறுத்தாய். அப்போதுதான் சொர்ணத்தக்கா எனக்கு வழி சொல்லிக் கொடுத்தாள். “சின்னப் பிள்ளையில பேதிக்கு வெளக்கெண்ணெயக் காப்பியில ஊத்திக் குடுக்கலியா? அதுபோல நெனச்சுக்கோ. தாயி குடுத்தா வெசமாவா போகும்?” நம் பக்கத்தில் எந்த அம்மாதான் அதைச் செய்யவில்லை. பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும், பிறகு அழும், எல்லோரும் சிரிப்பார்கள். நானும் மாத்திரையைப் பொடித்துக் காப்பியில் போட்டு, ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன். நீ அமைதியானாய். தூங்கினாய். எனக்குத் தலை கால் புரியாத சந்தோஷம்.

ஆனால் கொஞ்ச நாளில் நீ சொல்லத் தொடங்கினாய்: “எம்மா, காப்பி குடிச்சா நாக்கு மரத்துப் போகுது. என்னமோ கலக்குதாங்க.” நான் என்ன சொன்னேன்? “யாரு கலக்கப் போறா? ஒனக்குத்தான் அப்படித் தோணுது.” அப்பாவும் அதையே சொன்னார். எங்கள் எல்லோருக்கும் அது உன் நோயின் பேச்சு. பிறகு நீ தோல் உரித்துத் தின்பதை மட்டும் தின்ன ஆரம்பித்தாய். வாழைப்பழம், அவித்த முட்டை, தோலோடு வறுத்த கடலை. யாரும் உள்ளே எதையும் வைக்க முடியாதது. காப்பியை மட்டும் விட முடியவில்லை உன்னால்.

நீ பிஸிக்ஸ் படித்த பிள்ளை. சும்மா சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கவில்லை. ஒருநாள் காலையில் உன் தம்ளரையும் அப்பா தம்ளரையும் மாற்றி வைத்துவிட்டாய். அது எனக்குத் தெரியாது. அப்பா குடித்துவிட்டு வழக்கம்போல வண்டியேறினார். மஸ்ஜித் பந்தரில் இறங்க வேண்டியவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய், கடைசி ஸ்டேஷனான வி.டி. வரைக்கும் போய், அதே வண்டியில் திரும்பி வந்து, மாதுங்காவையும் தாண்டி, கல்யாண் ஸ்டேஷனில் யாரோ தோளைத் தட்டித்தான் கண் விழித்தாராம். ஆபீசுக்குப் போகாமல் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். “ஏளா, எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. நாக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. கல்யாண்ல கொண்டு போயி விட்டுட்டான்” என்றார். நீ அறைக்குள்ளிருந்து எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

“எம்மா, இன்னைக்கு அப்பா குடிச்சது என் காப்பி.”

எனக்கு உயிர் போய்விட்டது.

“நீதான் போடுதியா?”

பொய் சொல்ல நாக்கு எழுந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், உன் முகத்தைப் பார்த்தேன். “ஆமாய்யா, நான்தான். மாத்திரை” என்றேன். தம்ளரை என் மேல் எறிவாய் என்று நினைத்தேன். நீ அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய்.

“அப்ப நாக்கு மரத்துப் போனது நெசம்.”

“நெசம்.”

“கலக்குதாங்கன்னு சொன்னதும் நெசம்.”

“அதுவும் நெசம்.”

“அப்ப சி.ஐ.டி.யும்...”

“அது எனக்குத் தெரியாது. நான் ஒருத்தரையும் பாக்கல. காப்பி விஷயம் மட்டும் நெசம்.”

வாசலில் இருந்து அப்பா, “எனக்கு ஒரு பதிலும் சொல்லலியே. அவன் மாத்திரைய நான் தின்னுருக்கேன், இப்ப நான் யாருகூடப் பேசணும், சுவரு கூடவா?” என்றார். நீ சிரித்தாய். கட்டடம் முழுக்க யாரும் காது கொடுக்காத பேச்சில் ஒன்று நிஜமாக இருந்தது என்று தெரிந்த சிரிப்பு அது. நான் அன்று அப்பாவின் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு இதைக் கேட்ட டாக்டர் என்னை வெளுத்து வாங்கினார். அது வேறு கதை. வாங்க வேண்டியதுதான்.

அன்று நீ ஒரே ஒரு நிபந்தனை போட்டாய். “மாத்திரைய என் கையில குடு. நானே போட்டுக்கிடுதேன். ஆனா நான் எதக் கேட்டாலும் நெசத்தச் சொல்லணும்.” சரி என்றேன். அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. நம் அறைக்கும் சொர்ணத்தக்கா அறைக்கும் நடுவே ஒரு பலகைதான். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே நாம் எட்டிப் பார்ப்போம். வெளியே குழாயடி, மேலே மாடிக்காரன் இருமல், கீழே மராத்திக்காரர் வீட்டு ரேடியோ. காது நன்றாக இருப்பவனுக்கே எந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று புரியாத இடத்தில், நீ இரண்டு வகைக் குரல்களையும் வைத்துக்கொண்டு படுத்திருந்தாய். “எம்மா, அந்தப் பக்கம் என்னப் பத்தியா பேசுதாங்க?” என்று கேட்டால் அதுவரைக்கும் நான் “இல்லவே இல்லய்யா” என்று சொல்லி வந்தேன். உன்னைச் சமாதானப்படுத்துவதாக நினைப்பு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் உன்னைப் பற்றித்தான் பேசினார்கள். காதில் விழுந்ததையே விழவில்லை என்று நான் சொல்லிச் சொல்லி உன்னை இன்னும் குழப்பியிருக்கிறேன்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு முதல் தடவை நீ கேட்டபோது பலகையில் காதை வைத்துக் கேட்டேன். “ஆமாய்யா. ஒன்னப் பத்தித்தான்.”

“என்ன சொல்லுதாங்க?”

“ஒனக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போயிரும்னு சொல்லுதா சொர்ணத்தக்கா.”

நீ எழுந்து உட்கார்ந்தாய். “பொண்ணு யாருன்னு சொன்னாளா?” என்றாய்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். இன்னொரு சமயம், “இப்ப ஒரு ஆம்பளக் குரல் கேக்குதா?” என்றாய். கூர்ந்து கேட்டுவிட்டு, “எனக்குக் கேக்கல” என்றேன். இல்லை என்று நான் சொல்லவில்லை, எனக்குக் கேட்கவில்லை என்றேன். நீ “சரி” என்று திரும்பிப் படுத்தாய். அப்படியே போகப் போகக் கேள்விகள் குறைந்தன. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. நடுவே மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடியும் விழுந்தாய், மறுபடியும் எழுந்தாய். கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது, வெயில் பட்டால் தோல் நெருப்பாக எரிகிறது என்கிறாய். குரல்களும் முழுக்கப் போகவில்லை, தூரத்து ரேடியோ மாதிரி ஆகியிருக்கிறது என்கிறாய். சரி, ரேடியோ இல்லாத வீடு எது?

அப்பாவுக்குத் தெரிந்தவர் சொல்லி அம்பர்நாத் நெசவு ஷெட்டில் உனக்கு நூல் சுற்றுகிற வேலை கிடைத்தபோது வேண்டாம் என்று அழுதவள் நான். தனி அறை, வேற்று மனிதர்கள், ஓடுகிற இயந்திரம், தூக்கம் வருகிற மாத்திரை. முதல் விடுமுறைக்கு வந்தபோது நீ சொன்னது என் வாயை அடைத்தது. “அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதும்மா. வெளிக் குரலும் கேக்காது, உள் குரலும் கேக்காது. எல்லாரும் கையக் காட்டித்தான் பேசுவாங்க. எனக்கு அங்ஙனதான் நிம்மதி.” காது நிம்மதியான இடத்தில் கண்ணுக்குத் தொந்தரவு வரும் என்று நாம் இருவரும் நினைக்கவில்லை.

இனி இன்றைக்கு வருகிறேன். உன் கடிதம் வந்த நாள் முதல் நான் சோறு தின்றது பேருக்குத்தான். நீ வேலையை விட்டுவிட்டு எங்காவது போய்விட்டாயோ, மாத்திரையை நிறுத்திவிட்டாயோ என்று ஒரே நினைப்பு. இன்று காலை அப்பா கிளம்பிப் போனதும் நானும் மாதுங்காவில் வண்டியேறிவிட்டேன். நேரே வந்து உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். அம்மா நிற்பது தெரிந்தால் யார் கையைத் தூக்கப்போகிறார்கள், யார் சிரிக்கப்போகிறார்கள்? பிறகு உனக்கு நான் என்ன பதில் சொல்ல? அதனால் ஒளிந்து நின்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். அப்போது அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இட்லிக் கடைக்காரி நம் பக்கத்து மனுஷிதான், நாங்குநேரிக்காரியாம். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, “யாரத் தேடுத பிள்ள? வெயில்ல நிக்காத, உள்ள வந்து இரு” என்றாள்.

மதிய ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்கு முன் நீ வந்தாய். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், வானத்தில் ஒரு மேகம் இல்லை. பெரிய கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு, கால் பார்த்து மெல்ல நடந்து வந்தாய். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய். சட்டை துவைத்த சட்டை. சவரம் செய்திருந்தாய். எனக்கு அதுவே போதும், அப்போதே திரும்பியிருக்கலாம். வாசலில் வந்து குடையை மடக்கினாய். மடக்கி, மழையில் நனைந்த குடையை உதறுவதுபோல நன்றாக உதறினாய். மழைக்காலத்தில் வீட்டுக்குள் நுழையும்முன் உதறி உதறி வந்த பழக்கம், உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன். வாட்ச்மேன் தன் முகத்தில் தண்ணீர் தெறித்ததுபோல இரண்டு கையாலும் வழித்துத் துடைத்துக்கொண்டான். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் தலைக்கு மேல் கையைத் தூக்கி விரலை விரித்துக் காட்டினான். நீ பார்த்தது எல்லாவற்றையும் நானும் பார்த்தேன். அப்போதுதான் நீ திரும்பினாய், நான் ஒளிந்தேன்.

நீ உள்ளே போன பிறகு கடைக்காரியிடம், அந்தப் பையனைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டேன்.

“அந்தக் கொடைக்காரப் பயலா? சிரிக்காம என்ன செய்வாவ? வெயிலுக்குக் கொடை புடிக்கான், அது போவட்டும். சொட்டுத் தண்ணி இல்லாத கொடைய ஒதறுதான் பாரு. தெனமும் இதே கூத்துதான். ஒன் தம்பியா?”

நான் தலையை ஆட்டிவிட்டேன். அந்தப் பொய்யையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். “அந்தக் கையைத் தூக்குவது?” என்றேன்.

“அது அவம் பேருல்லா” என்றாள். “உள்ள தறி ஓடுற சத்தத்துல செல்வம்னு கூப்பிட்டா எவன் காதுல விழும்? ஆளுக்கொரு கைச்சாடை வச்சிருக்கானுவ. மேஸ்திரிக்கு மீசைய முறுக்கணும். ஒருத்தன் ஊருக்குப் போயி மொட்ட போட்டுட்டு வந்தான், முடி வளந்து எம்புட்டு நாளாச்சு, இன்னும் அவனுக்குத் தலையத் தடவுதானுவ. இங்க வந்து தின்னும்போதும் வாயத் தொறக்க மாட்டானுவ. ஒந் தம்பிகூட நிக்கவன் வந்து இப்படிக் கையத் தூக்குவான், கொடைக்கு ரெண்டு இட்லி கட்டுன்னு அர்த்தம்.”

“புதுசா வந்தவனுக்குக் கூடவா பேரு?”

“நல்லாருக்கே. வந்தவன் எல்லாத்துக்கும் வைப்பானுவளா? ஓடிப்போறவனுக்கு எதுக்குப் பேரு? நின்னு புடிப்பான்னு தெரிஞ்சாத்தான் வைப்பானுவ.”

உங்களுக்கும் உண்டா என்று கேட்டேன். கன்னத்தை உப்பவைத்துக் காட்டிவிட்டு, “கட்டையில போவானுவ” என்றாள்.

வெயிலில் உனக்கு ஏன் குடை வேண்டும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. மாத்திரை உன் விஷயம். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது உன் இஷ்டம். சொல்லியே ஆக வேண்டும் என்றும் இல்லை, மறைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தாணே வரை அழுதேன், அதற்குப் பிறகு சிரிப்பு. எதிரே இருந்த குஜராத்திக்காரி தன் பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நம் வீட்டில் நோய் யாருக்கென்று கேட்டிருந்தால் என்னைத்தான் காட்டியிருப்பாள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “ஏளா, யாரோ ஒளிஞ்சு நின்னு பாக்காங்கன்னுதான் அவனுக்குப் பயம். நீ போயி ஒளிஞ்சு நின்னு பாத்துட்டு வந்துருக்க. நல்லா இருக்கு ஒன் காலேஜ் படிப்பு” என்றார். அதுவரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்லை. உன் கேள்விக்கு நிஜத்தைத் தேடிப் போனவள், உன் பயத்தை நிஜமாக்கிவிட்டு வந்திருக்கிறேன். “இப்பமே எழுது” என்றார். அதனால்தான் இந்த நேரத்தில்.

ஆகவே பதில் இதுதான். அவர்கள் உன்னைப் பார்த்துக் கையைத் தூக்குவது நிஜம். சிரிப்பது நிஜம். உன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அதன் அர்த்தத்தை மட்டும் யாரும் உனக்குச் சொல்லவில்லை. உனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நிஜமென்றால் வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அது தெரிந்தேதான் நிஜம் என்று எழுதுகிறேன். அந்தச் சிரிப்பில் குத்தல் துளியும் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், தூரத்தில் நின்றவளுக்கு அவ்வளவுதான் தெரியும். உன் பக்கத்தில் நிற்பவனிடம் நீயே கேட்டுப் பார். எனக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு அதிகம் தெரிந்திருக்கும். இனிமேல் இந்தக் கேள்விகளுக்கு என்னைவிட நல்ல ஆட்கள் உன் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை எழுதும்போது கொஞ்சம் வலிக்கிறது, ஆனால் மனசு லேசாகவும் இருக்கிறது.

ஒளிந்து பார்த்ததற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். இனி வந்தால் உன்னிடம் சொல்லிவிட்டு, நேர் வாசலில் வந்து நிற்பேன். வராதே என்றால் வரமாட்டேன். இன்று என்னைப் பார்த்தாயா, பார்த்துப் பயந்தாயா, அங்கேயே இருக்கிறாயா, கிளம்பி வருகிறாயா, இதை மட்டும் எழுது. ஒரு கார்டு போதும். சீக்கிரம் பதில் போடு.

அம்மா